ஏவல்காரனுக்கு ஒரு பொன்னாடை

மற்றவன் எச்சில் பட்ட போத்தலைக் கழுவுவது றிம்சானுக்கு ஒரு பொருட்டே இல்லை. சைக்கிள் ஓட்ட அணி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கூச்சம் போய்விட்டது. நான்கைந்து மணித்தியாலம் இறங்காமல் ஓடுகிறவர்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் சைக்கிளில் இருந்தபடியேதான் செய்வார்கள். ஓடிக்கொண்டே தின்பார்கள், மூக்கைச் சிந்துவார்கள், அவசரமென்றால் ஒன்றுக்கும் போவார்கள். அது காற்றில் பறந்து பின்னால் வருகிறவன் மேலும் தெறிக்கும். பின்னேரமானதும் அந்த உடுப்பெல்லாம் ஒரு பையில் கட்டி றிம்சானிடம் வரும். தோய்ப்பான். நஜீஸ் என்கிற அசுத்தம் தண்ணீர் ஊற்றினால் போகிற சாமான். தொழுவதற்கு அவன் வேறு சாரன் வைத்திருந்தான், அவ்வளவுதான். ஆசனத்தில் உரசி உரசித் தொடையிடுக்கில் எழும்பும் கொப்புளத்தில் சீழ் எடுத்து மருந்து வைப்பதும் அவன் வேலைதான். ஊருக்கு வந்த நேரம் இதைச் சொல்லப்போய், மனைவி நஸ்லியா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டு தன் கோப்பையை வழித்துச் சாப்பிட்டான்.

அப்படிப்பட்டவனுக்கு, கல்முனையில் ஒரு விடுதி அறையில், சவர்க்காரம் மணக்கிற, மயிர் வழித்த, குழந்தையின் கால்போலச் சுத்தமான ஒரு காலில் கை வைத்தபோது அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கால் ஏவல்ட்ஸினுடையது. ஏவல்ட்ஸ் லத்வியா நாட்டுக்காரன். முப்பத்தேழு வயது. சம்பளத்துக்குச் சைக்கிள் ஓடத் தொடங்கிப் பதினாறு வருடம்.

றிம்சான் நிந்தவூரில் பிறந்து, கல்முனையில் பெண் எடுத்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து குடியேறியவன். வெளிநாடு போய் ஒரு ஹோட்டலில் உடம்பு பிடித்துவிடும் வேலை பார்த்தான். அங்கிருந்து, வளைகுடாவில் பதிவான இந்தச் சின்ன அணி அவனைக் கூட்டிக்கொண்டது. ஓட்டக்காரர்களின் கால் பிடிப்பது, போத்தல் நிரப்புவது, வழியில் நின்று சாப்பாட்டுப் பை நீட்டுவது, உடுப்புத் தோய்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இந்த வேலைக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு. கவனித்துக்கொள்பவன் என்று அர்த்தம்.

ஏவல்ட்ஸின் வேலைக்கும் பிரெஞ்சில் ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு அர்த்தம் வீட்டு வேலைக்காரன். அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் முதலில் காற்றை விளங்க வேண்டும். சைக்கிள்காரனுக்குச் சண்டை றோட்டோடு அல்ல, காற்றோடு. முன்னால் போகிறவன் காற்றை உடைத்துக்கொண்டு போகிறான். அவன் பின்சில்லை ஒட்டி வருகிறவனுக்கு ஒரு மறைவு கிடைக்கிறது, மூன்றில் ஒரு பங்கு பலம் மிஞ்சுகிறது. மிஞ்சின பலம் கடைசி நிமிடத்தில் வெல்லப் போதும். அதனால் ஒவ்வொரு அணியும் ஒருவனைத் தலைவனாக்கி, மற்றவர்களை அவனுக்கு மறைவாக ஓடவிடுகிறது. தலைவனுக்குத் தாகமெடுத்தால் வேலைக்காரன்தான் பின்னால் விழுந்து, அணியின் காரை எட்டி, ஏழெட்டுப் போத்தலைச் சட்டைக்குள் முதுகிலும் நெஞ்சிலும் திணித்துக்கொண்டு, கர்ப்பிணிபோல, திரும்பவும் எல்லாரையும் முந்தி முன்னால் போக வேண்டும். தலைவனின் சில்லுப் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டும்.

பதினாறு வருடம் ஏவல்ட்ஸ் இதைத்தான் செய்தான். பனிக்காலத்தில் றோட்டே தெரியாத ஒரு சின்னப் பட்டணத்தில், பள்ளிக்கூடத்துக்குள், நடைபாதையில் உருளைகளின் மேல் சைக்கிளை வைத்து ஓடிப் பழகியவன். இருபத்தொரு வயதில் பெல்ஜியத்துக்குப் போனான். இரண்டு வருடம் பெரிய அணி ஒன்றில் இருந்தான். அந்தக் காலத்து வீடியோ ஒன்றை றிம்சான் பலமுறை பார்த்திருக்கிறான்: மழைக்குள், முன்வரிசையில், வாயைத் திறந்தபடி ஏவல்ட்ஸ் இழுத்துக்கொண்டு போவான், மேடு தொடங்கியதும் ஒதுங்கி நிற்பான், கமரா அவனை விட்டுவிட்டுத் தலைவனோடு போய்விடும். அந்த அணி மூடப்பட்டது. பிறகு இத்தாலியில் அதைவிடச் சின்ன அணி, பிறகு போலந்தில் அதைவிடச் சின்னது, கடைசியில் வளைகுடா. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அடுத்த வருடம் யார் கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டு இருப்பான். காறை எலும்பு நாலு தரம் உடைந்து உள்ளே தகடு இருக்கிறது. வாழ்க்கையில் ஒரேயொரு முறை வென்றிருக்கிறான். அன்று தலைவன் விழுந்துவிட்டான், ஏவல்ட்ஸின் காதுக்குள் இருந்த வானொலியும் பழுதாகிவிட்டது, நில் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. இதை ஏவல்ட்ஸே பகிடியாகச் சொல்லுவான்.

றிம்சானுக்கு இந்த மனிதன்மேல் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. இவன் செய்வது கித்மத் என்று நினைத்தான். கித்மத் என்றால் கைம்மாறு எதிர்பார்க்காமல் மற்றவனுக்குச் செய்யும் பணி. பள்ளிவாசலில் ஹவுள் என்கிற தண்ணீர்த் தொட்டியைக் கழுவி விடுகிறவர்களுக்கு ஊரில் சொல்லும் சொல். நஸ்லியாவின் அண்ணன் அஸ்ஹருக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பும்போதெல்லாம் ஏவல்ட்ஸின் கதைதான். அஸ்ஹர் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர், இரும்புக் கடைக்காரன். அவன் அந்தக் குரல்களைத் தேத்தண்ணிக் கடையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவான்.

"பேரிலயே ஏவல் இரிக்கே மச்சான்" என்று அஸ்ஹர் பதில் அனுப்பினான். "ஏவல் செய்யத்தான் பொறந்திரிக்கான். ஆனா சூனியத்துக்கும் ஏவல் எண்டுதான் சொல்ற. பார்த்து நடந்துக்க."

இரண்டு பேரும் இதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. இலங்கையில் நாலு நாள் ஓட்டம். மூன்றாம் நாள் ஓட்டம் மொனராகலையில் தொடங்கி, பொத்துவிலில் கடற்கரைக்கு இறங்கி, திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு வழியாகக் கல்முனையில் முடியும். அஸ்ஹர் கழகத்தைக் கூட்டி ஒரு முடிவு எடுத்தான். வென்றவனுக்கு எல்லாரும் பொன்னாடை போர்த்துவார்கள். கல்முனை தண்ணீர் சுமந்தவனுக்குப் போர்த்தட்டும். அன்று அந்தி மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு தன் வீட்டு வளவில் கூட்டம், கூட்டம் முடியச் சஹன் சாப்பாடு. முற்றத்துக்குப் பதாகையும் அடித்தாயிற்று.

சஹன் என்பது ஒரு பெரிய தட்டு. சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியும் கோழியும் வைத்து, சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். தனக்கு முன்னால் உள்ள பக்கத்தை மட்டும்தான் தொட வேண்டும். நல்ல துண்டைத் தன் பக்கம் இழுக்கிறவனை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து ஆளின் பக்கம் தள்ளிவிடுகிறவனையும் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி ஆள் சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. ஏவல்ட்ஸுக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவன் தலையாட்டினான். "இதுவும் ஓட்டம் மாதிரித்தான்" என்றான்.

மொனராகலை ஹோட்டலில், ஓட்டத்துக்கு முதல் நாள் அந்தி நேரம், ஏவல்ட்ஸ் மேசையில் குப்புறப் படுத்திருந்தான். கால் பிடித்துக்கொண்டே றிம்சான் தன் ஊரின் காற்றை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். யாருக்கும் சொல்லாமல் அவனுக்கு மட்டும் வைத்திருந்த பரிசு அது.

யூலை மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும். மேற்கே இருந்து, வயலைத் தாண்டி, சூடாக வரும். தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறவனுக்கு அது இடப்பக்கம். பக்கக்காற்றுத்தான் இந்த விளையாட்டில் மிகவும் பொல்லாதது, ஏனென்றால் நேர் பின்னால் ஒளிய முடியாது. காற்று இடப்பக்கம் என்றால் மறைவு வலப்பக்கம் பின்னால் விழும். அதனால் ஓட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக இல்லாமல், றோட்டின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை சரிந்த ஒரு கோடாக ஓடுவார்கள். றோட்டு அகலத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் அந்தக் கோட்டில் இடம் இருக்கும். இடம் கிடைக்காதவன் வலது ஓரத்து மணலை ஒட்டி, மறைவில்லாமல் தனியே காற்றைத் தின்ன வேண்டும். கொஞ்ச நேரத்தில் அறுந்து விழுவான்.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைவரை ஊர் மாறி ஊர் வருவதால் வீடும் மதிலும் கச்சானை மறைக்கும். நிந்தவூர் முடிந்து காரைதீவு தொடங்குகிற இடத்தில் மட்டும் மேற்குப் பக்கம் திறந்துவிடும். அங்கே மாவடிப்பள்ளிவரை வயல்தான். கடைசி மதில் முடிந்ததும் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி அடிக்கும். காரைதீவுக்கு ரியூசனுக்குப் போன காலத்தில் றிம்சானைச் சைக்கிளோடு சேர்த்து மணலுக்குள் இறக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு கல்முனைவரை வீடுதான். அறுந்தவன் எட்டிப் பிடிக்க நேரமில்லை. "அந்த மதில் வருவதற்கு முன் சாலிமை முன்னுக்குக் கொண்டு போ. பிறகு ஒருவராலும் அவனை அசைக்க ஏலாது" என்றான் றிம்சான்.

சாலிம்தான் அணித் தலைவன். ஓமான் நாட்டுப் பையன், இருபத்திரண்டு வயது. முடிந்த இரண்டு நாளின் மொத்த நேரக் கணக்கில் எல்லாரையும்விடக் கொஞ்சம் முன்னுக்கு நின்றான். நீலச் சட்டை அணியின் தலைவன் அவனுக்குச் சற்றுப் பின்னால்.

ஏவல்ட்ஸ் தலையைத் தூக்கி, அந்த மதில் எங்கே என்று போனில் காட்டச் சொன்னான். அங்கே றோட்டின் எந்தப் பக்கம் நிற்க இடம் இருக்கும் என்று கேட்டான். வலப்பக்கம், ஒரு பஸ் தரிப்பிடம். "அப்படியென்றால் நாளைக்கு அங்கே எனக்காக ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு நில். அந்த இடத்துக்கு வரும்போது எனக்கு விடாய்க்கும்" என்றான். வெயில் காரணமாகக் கடைசிவரை தண்ணீர் கொடுக்கலாம் என்று நடுவர்கள் சொல்லியிருந்தார்கள். பிறந்த ஊரில், ஊர்ச்சனம் பார்க்க, ஏவல்ட்ஸுக்குத் தண்ணீர் கொடுப்பது என்ற நினைப்பிலேயே றிம்சானுக்கு அன்று தூக்கம் பிந்தியது.

அடுத்த நாள் அந்தத் தரிப்பிடத்தில் போத்தலோடு நின்றான். சொந்தக்காரர்களும் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளும் சூழ்ந்துகொண்டு, வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கிற தண்ணிக்குள் என்ன கலந்திருக்கிறது என்று நையாண்டி பண்ணினார்கள். கச்சான் அவன் சொன்னபடியே அடித்தது. நிந்தவூர்ப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள்களின் சத்தம் வந்தது, பிறகு ஓட்டக்காரர்கள்.

முன்னால் வந்தது நீலம். ஆறு பேரும் சேர்ந்து, கடைசி மதிலுக்குச் சரியாக முன்னால், ஒரேயடியாக வேகம் எடுத்தார்கள். இந்த இடம் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று றிம்சான் யோசிப்பதற்குள் வரிசை சரிந்துவிட்டது. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை கோடு விழுந்தது. கோட்டின் கடைசிக்கு முதல் இடத்தில், வலப்பக்கம், ஏவல்ட்ஸ். அவன் பின்சில்லை ஒட்டிச் சாலிம். இடம் கிடைத்துவிட்டது. றிம்சான் போத்தலை நீட்டினான்.

ஏவல்ட்ஸின் கால் நின்றது.

கையை நீட்டுவதற்கு முன்னாலேயே நின்றது. போத்தல் எடுக்கிறவன் கால் நிற்பது வழமைதான், ஆனால் பிடிக்கிற கணத்தில்தான் நிற்கும். இவன் அவ்வளவு தூரத்திலேயே மிதிப்பதை விட்டுவிட்டு, சும்மா உருண்டு வந்து, நிமிர்ந்து, றிம்சானின் முகத்தைப் பார்த்தபடி போத்தலை வாங்கினான். முன்னால் போனவனுக்கும் அவனுக்கும் இடையில் ஒரு சைக்கிள் நீளம் திறந்தது. பக்கக்காற்றில் அது போதும். பின்னால் நம்பி வந்த சாலிமுக்கு முன்னால் வெட்டவெளி. கோடு அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஏவல்ட்ஸ் குனிந்து, பல்லைக் கடித்து, சாலிமைக் கல்முனைவரை இழுத்துக்கொண்டு போனான். பார்க்கிறவனுக்குக் கண்ணீர் வரும். எட்டிப் பிடிக்கிற வேகத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக இழுத்தான்.

கல்முனைக்கு வந்தபோது சாலிம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தான். முதலிடம் நீலத்துக்குப் போயிற்று.

அணி வேனுக்குப் பக்கத்தில் முகாமையாளர் போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். வீடியோவில் தெரிந்தது இவ்வளவுதான்: காற்று திறக்கிற சரியான இடத்தில், அணியின் சட்டை போட்ட ஒருவன் நடுவில் கையை நீட்டுகிறான், ஏவல்ட்ஸ் போத்தலை எடுக்கிறான், இடைவெளி விழுகிறது. உன்னை அங்கே நிற்கச் சொன்னது யார் என்று முகாமையாளர் கேட்டார். பக்கத்திலேயே ஏவல்ட்ஸ் முகத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். றிம்சான் அவனைப் பார்த்தான். ஏவல்ட்ஸ் துவாயால் காதுக்குள் துடைத்தான். ஓட்டம் முடிய உன் விஷயத்தைக் கதைப்போம் என்று முகாமையாளர் போய்விட்டார். சாலிம் வந்து றிம்சானின் தோளில் தட்டி, பரவாயில்லை, நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய் என்று அரபியில் சொல்லிவிட்டு, அழுகிற கண்ணோடு வேனுக்குள் ஏறினான். ஏச்சு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

விடுதியில் வழமைபோல மேசை விரித்தாயிற்று. ஏவல்ட்ஸ் குளித்துவிட்டு வந்து படுத்தான். றிம்சான் எண்ணெய் தொட்டு வலது காலில் கை வைத்தான்.

"நேற்றுச் சொன்ன இடத்தை அணிக்குச் சொன்னாயா?" என்று கேட்டான்.

"சொன்னேன்" என்றான் ஏவல்ட்ஸ். "எந்த அணிக்கு என்று நீ கேட்கவில்லை."

பிறகு அவனே பொறுமையாக விளங்கப்படுத்தினான். அடுத்த வருடம் அவன் நீலச் சட்டையில் ஓடுகிறான். இந்த அணி அவனை வைத்துக்கொள்ளப் போவதில்லை. முப்பத்தேழு வயதுக்காரனை இனி வேறு யாரும் கேட்கவும் மாட்டார்கள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. ஓட்டத்தில் காரணமில்லாமல் கால் நின்றால் நாலு பேர் கேட்பார்கள், போத்தல் எடுக்கக் கால் நின்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இது விலக்கிவைத்த பாவம் ஒன்றும் இல்லை, இந்தத் தொழிலில் உள்ளதுதான். குரலில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. சில்லு மாற்றும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கிறவன் குரல். "நீ நல்ல இடத்தில் நின்றாய்" என்றும் சொன்னான், மெச்சி.

அப்போதுதான் றிம்சானுக்குக் குமட்டியது. காலை விட்டுக் கையை எடுத்தான். ஊர் முழுக்க உன்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறேன் தெரியுமா என்றான். கூலி கேட்காமல் மற்றவனுக்காக உழைக்கிறவன் என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அதற்குத்தான் உனக்குப் பொன்னாடை.

ஏவல்ட்ஸ் முழங்கையை ஊன்றி எழும்பினான். முதல்முறையாக அவன் முகத்தில் கோபம் வந்தது.

"கூலி இல்லாமலா? நான் ஒருநாளும் கூலி இல்லாமல் ஓடியதில்லை. யார் உனக்கு அப்படிச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. றிம்சான் தானே சொல்லிக்கொண்டது. ஏவல்ட்ஸ் திரும்பவும் படுத்து, இடது கால் இன்னும் பிடிக்கவில்லை என்று ஞாபகப்படுத்தினான். றிம்சானின் கை அந்தக் காலையும் பிடித்துவிட்டது. கைக்கு அந்த வேலை பழக்கம். மனம் சொல்வதை அது கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மஹ்ரிபுக்கு வுழுச் செய்தான். கையை மூன்று முறை கழுவ வேண்டிய இடத்தில் எத்தனை முறை கழுவினானோ, சவர்க்காரம் கரைந்துபோனது. எண்ணெய் வாசம் விரலை விட்டுப் போகவில்லை. தொழுதுவிட்டு அஸ்ஹரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அஸ்ஹர் கதிரை அடுக்குவதை விட்டுவிட்டுக் கேட்டான்.

"கால் நிண்டதுக்குச் சாட்சி ஆரு மச்சான்?" என்றான் கடைசியில். "நீ மட்டும்தானே. வளவு நிறையச் சனம் வந்திட்டுது, சோறும் ஆக்கியாச்சு. வந்த விருந்தாளிய வாசல்ல வெச்சு மானங்கெடுக்க ஏலா. போர்த்தி, சோறு குடுத்து, அனுப்பிப் போட்டுப் பாப்பம். நான் தமிழ்ல பேசுறன், நீ இங்கிலீசில சொல்லு."

நஸ்லியா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த ஓமான் பொடியனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றான்.

அஸ்ஹரின் வளவில் வெளிச்சம் போட்டு, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அணி முழுக்க முன்வரிசையில். ஏவல்ட்ஸ் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கையை மடியில் வைத்துக்கொண்டு நல்ல மாப்பிள்ளைபோல இருந்தான். அஸ்ஹர் மைக்கைப் பிடித்தான். இந்த மனிதர் தனக்காக ஒருநாளும் ஓடாதவர் என்றான். றிம்சான் அதை இங்கிலீசில் சொன்னான். தாகித்தவனுக்குத் தண்ணீர் சுமந்தவர் என்றான். அதையும் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் வாயை விட்டு வெளியே வரும்போது, வேறொருவன் மென்று துப்பியதைத் தான் எடுத்து மெல்வதுபோல இருந்தது. சாலிம் எழும்பி நின்று கைதட்டினான்.

"இவர்ர பேரிலயே ஏவல் இருக்கு" என்றான் அஸ்ஹர். "அதுக்கு என்ன அர்த்தம் எண்டு மச்சான் இவங்களுக்குச் சொல்லுவார்."

றிம்சான் மைக்கை வாங்கினான். இங்கிலீசில், அவசரப்படாமல், இதுவரை சொன்ன அதே குரலில் சொன்னான்.

"எங்கள் மொழியில் ஏவல் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, மற்றவன் சொன்ன வேலையைச் செய்வது. மற்றது, ஒருவன் வீட்டுக்குக் கேடு அனுப்புவது. அனுப்புகிறவன் தன் கையால் செய்யமாட்டான், இன்னொருவன் கையில் கொடுத்துத்தான் அனுப்புவான். அந்தத் தரிப்பிடத்தில் போத்தலோடு நிற்கச் சொன்னது ஏவல்ட்ஸ். அந்தக் காற்று எங்கே திறக்கும் என்று நான் சொன்னது அவனுக்கு மட்டும்தான். அதை அவன் நீலத்துக்குச் சொன்னான். போத்தலை எட்டுவதற்கு முன்பே காலை நிறுத்தினான். சாலிம், என் கைதான் உனக்குக் கேடு கொண்டுவந்தது. அனுப்பியது இவன்."

இங்கிலீசு விளங்காத சனம் அருமையாகக் கைதட்டியது. முன்னால் இருந்த இங்கிலீசு ஆசிரியர் மீராமுகைதீன் சேர் மட்டும் தட்டப்போன இரண்டு கையையும் நடுவில் நிறுத்திக்கொண்டு இருந்தார். அஸ்ஹருக்கு இங்கிலீசு அரைகுறை. மச்சான் நன்றாகத்தான் பேசிவிட்டான் என்று நினைத்து, பொன்னாடையை விரித்து ஏவல்ட்ஸின் தோளில் போட்டான். மஞ்சள் பட்டு, சிவப்புக் கரை. ஏவல்ட்ஸ் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். எத்தனையோ மேடையில் மற்றவன் வாங்குவதைப் பார்த்தவன். குனிய வேண்டிய அளவு அவனுக்குத் தெரிந்திருந்தது.

முகாமையாளர் எழும்பி ஏவல்ட்ஸின் காதில் ஏதோ கேட்டார். அவன் தோளைக் குலுக்கினான். இல்லை என்று சொல்லவில்லை. முகாமையாளர் போனை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.

சஹன் வந்தது. முதல் தட்டு விருந்தாளிக்கு. ஏவல்ட்ஸ் பாயில் காலை மடித்து இருந்தான். சாலிம் வந்தான், தட்டைப் பார்த்தான், ஏவல்ட்ஸைப் பார்த்தான், திரும்பிப் போய் நிந்தவூர்ப் பொடியன்கள் இருந்த தட்டில் இடம் கேட்டு இருந்துகொண்டான். மற்ற ஓட்டக்காரர்களும் அவன் பின்னால் போனார்கள். மீராமுகைதீன் சேர் பக்கத்து ஆளுக்கு ஏதோ சொன்னார், பக்கத்து ஆள் அடுத்தவனுக்குச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் வளவு முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்தது. மற்றத் தட்டுகளில் ஏழு பேர், எட்டுப் பேர் என்று நெருக்கியடித்து இருந்தார்கள். முதல் தட்டில் ஒருவன்.

அஸ்ஹருக்கு இப்போதுதான் விளங்கியது. அவன் றிம்சானுக்குக் கண்ணால் பாயைக் காட்டினான். விருந்தாளி தனியே இருக்கக் கூடாது. றிம்சான் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து, குனிந்து, ஏவல்ட்ஸின் கைக்குத் தண்ணீர் ஊற்றினான். கை கழுவத் தண்ணீர் இல்லை என்று யாரையும் ஊர் அனுப்பியதில்லை. அதற்கு மேல் அவனால் முடியவில்லை, நின்றான்.

ஏவல்ட்ஸ் சாப்பிடத் தொடங்கினான். சொல்லிக் கொடுத்தபடியே தனக்கு முன்னால் உள்ள பக்கத்தை மட்டும் தொட்டான். பசி நன்றாக இருந்திருக்க வேண்டும். நடுவிலிருந்து ஒரு நல்ல இறைச்சித் துண்டை எடுத்து, வலப்பக்கம் ஆளில்லாத இடத்துக்கு மெல்லத் தள்ளி வைத்தான். கோழித் தொடை ஒன்றை இடப்பக்கம் தள்ளினான். யாரும் பார்க்கவேண்டும் என்பதற்காக அல்ல. பதினாறு வருடப் பழக்கம், விரல்கள் தாமாகச் செய்தன. ஐந்து வெற்றுப் பக்கத்துக்கும் ஒவ்வொரு துண்டு வைத்துவிட்டு, எலும்பு ஒன்றைத் தன் வாய்க்குள் போட்டு உறிஞ்சினான்.

அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க றிம்சானின் வாயில் புளித்த நீர் ஊறியது. கேத்தலை நிலத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், வாழையின் கீழே குந்தி ஓங்காளித்தான். காலையில் குடித்த தேத்தண்ணியைத் தவிர வர ஒன்றும் இருக்கவில்லை.

அஸ்ஹர் பின்னால் வந்து நின்றான். "சஹன்ல ஆள் இரிக்கக்குள்ள எழும்பி வந்தா ஊர் என்ன சொல்லும் மச்சான்?"

றிம்சான் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை விரல்களில் ஊற்றி, மணந்து பார்த்து, திரும்பவும் ஊற்றினான்.

"நான் அதில இரிக்கவே இல்லையே" என்றான்.